கவலைக்கு மதிப்பெண் போடுவது: பென் ஸ்டேட் வினாப்பட்டியலில் எங்கெங்கே சறுக்கும்

கேள்வி இது: கல்லூரி ஆலோசனை மையத்துக்காக மாணவர்களிடம், அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவான பென் ஸ்டேட் கவலை வினாப்பட்டியலைத் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அநேகமாக எல்லாருக்கும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலுமே மதிப்பெண் வருகிறது. வெட்டுப்புள்ளி (இதை எட்டினால் கோளாறு இருக்கலாம் என்று பிரிக்கும் எண்) 45 என்று ஓரிடத்திலும், 62 என்று வேறிடத்திலும், 65 என்று இன்னோரிடத்திலும் எழுதியிருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு இதையே மறுபடியும் கொடுத்து ஒப்பிடலாமா? பதற்றத்தை அளக்கும், ஏழே கேள்வி உள்ள ஜி.ஏ.டி-7 போதாதா?

வெட்டுப்புள்ளியை அப்புறம் பார்ப்போம். முதலில் எக்செல் கோப்பைத் திறந்து, 1, 3, 8, 10, 11 ஆகிய ஐந்து கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நாற்பதிலும் ஐம்பதிலும் எல்லாரும் வந்து குவிவதைக் கேட்டதுமே எழுகிற சந்தேகம் அதுதான்.

பட்டியலில் 16 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (எனக்குச் சற்றும் பொருந்தாது) முதல் 5 (எனக்கு மிகவும் பொருந்தும்) வரை. மொத்தம் 16-க்குக் குறையாது, 80-ஐத் தாண்டாது. பதினொரு வாக்கியங்கள் கவலையின் பக்கம் நின்று பேசுகின்றன. கவலைப்பட ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை என்பதுபோல. மேலே சொன்ன ஐந்தும் எதிர்ப்பக்கம்: கவலை தரும் எண்ணங்களை எளிதாக ஒதுக்கிவிடுவேன், எதற்கும் கவலைப்படுவதே இல்லை, இப்படி. இந்த ஐந்தில் 1 போட்டவருக்கு 5, 2 போட்டவருக்கு 4 என்று மாற்றிய பிறகுதான் கூட்ட வேண்டும்.

மாற்றாமல் கூட்டினால் என்ன ஆகும்? ஓயாமல் கவலைப்படும் ஒருவர் பதினொன்றுக்கும் 5 போடுவார், எதிர்ப்பக்க ஐந்துக்கும் 1 போடுவார். கூட்டினால் 55 + 5 = 60. அவருக்கு வந்திருக்க வேண்டியது 80. கவலையே இல்லாதவர் பதினொன்றுக்கு 1, ஐந்துக்கு 5 போடுவார்: 11 + 25 = 36. அவருக்கு வர வேண்டியது 16. 64 புள்ளி அகலமுள்ள அளவுகோல் 24 புள்ளிக்குச் சுருங்கி, 36-க்கும் 60-க்கும் நடுவில் எல்லாரையும் அடைத்துவிடுகிறது. ஆல்ஃபா நம்பகத்தன்மையும் (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) கூடவே சரியும். இந்தப் பட்டியலுக்கு ஆய்வுகளில் வழக்கமாக 0.86 முதல் 0.95 வரை கிடைத்திருக்கிறது. உங்களுக்கு 0.6, 0.5 என்று வந்தால் மாணவர்களைக் குறை சொல்வதற்கு முன் கூட்டலைப் பாருங்கள்.

தாள்களை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் அந்த ஐந்து கேள்விகளின் பழைய மதிப்பெண்ணை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். பழைய மொத்தத்தோடு 30-ஐக் கூட்டி, இந்த ஐந்தின் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கிக் கழித்தால் சரியான மொத்தம் வந்துவிடும். மேலே சொன்ன 60-ஐ வைத்துப் பாருங்கள்: 60 + 30 − 10 = 80. கோப்பில் நிரந்தரமாகத் திருத்துவதானால் ஐந்து புதிய நிரல்கள் போட்டு ஒவ்வொன்றிலும் ‘6 கழித்தல் பழைய மதிப்பெண்’ என்று எழுதுங்கள். பழைய நிரலின் மேலேயே எழுதாதீர்கள். இரண்டு பேர் கைமாறும் கோப்பில், ஒருவர் திருப்பியதை மற்றவர் மறுபடி திருப்பிவிடுவது சர்வ சாதாரணம். சரிபார்க்க ஒரு வழி: திருப்பிய பிறகு 3-ஆம் கேள்விக்கும் 7-ஆம் கேள்விக்கும் ஒட்டுறவு நேர்க்குறியில் வர வேண்டும். எதிர்க்குறியில் வந்தால் ஒன்று திருப்பவில்லை, அல்லது இருமுறை திருப்பியாயிற்று.

திருப்பிய பிறகும் கூட்டம் கலையவில்லை என்றால், தாளைப் படிக்காமல் கோடு இழுத்தவர்கள் இருக்கிறார்கள். பதினாறுக்கும் 3 போட்டால் மொத்தம் 48. திருப்பினாலும் 48, திருப்பாவிட்டாலும் 48. இதில் ஒரு வேடிக்கை உண்டு: அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் சராசரியும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. ஆகவே நடுவில் கோடு இழுத்தவரை மொத்தத்தை வைத்துப் பிடிக்கவே முடியாது. வரிவரியாகத்தான் பார்க்க வேண்டும். பதினாறுக்கும் 5 போட்டவருக்குத் திருப்பிய பின் 60 வரும். எதற்கும் கவலைப்படுவதே இல்லை, எந்நேரமும் கவலைப்படுகிறேன் என்ற இரண்டுக்கும் 5 போட்ட தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எதிர்ப்பக்க வாக்கியங்களை வைத்திருப்பதன் பயன்களில் ஒன்று இது.

ஆனால் அதே வாக்கியங்கள் தமிழில் வேறொரு தொல்லையைக் கொண்டுவருகின்றன. முதல் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் செய்து முடிக்க நேரம் போதாவிட்டாலும் அதற்காக நான் கவலைப்படுவதில்லை என்பது அதன் சாரம். கவலைப்படுகிற மாணவி இதற்கு ‘சற்றும் பொருந்தாது’ என்று குறிக்க வேண்டும். போதாவிட்டாலும், படுவதில்லை, பொருந்தாது என்று மூன்று எதிர்மறைகளை மனத்துக்குள் அவிழ்த்துவிட்டுத்தான் அந்த 1-க்குப் போய்ச் சேர முடியும். பலர் அவிழ்ப்பதில்லை. ‘ஆமாம், கவலைதான்’ என்று நினைத்தபடி 5-ஐ வட்டமிட்டுவிடுகிறார்கள். இது தமிழுக்கு மட்டும் வந்த கோளாறும் அல்ல. ஆங்கில மூலத்திலேயே இந்த ஐந்தும் தனிக் கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. அது கவலையின்மை என்ற தனிக் குணமா, வாக்கிய அமைப்பால் வந்த வெறும் தோற்றமா என்று 2000-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் வாதாடினார்கள். தோற்றம்தான் என்ற பக்கமே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இதற்கு வழி, மொழிபெயர்ப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்தாறு மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே பதில் போடச் சொல்வது. ‘இதற்கு ஏன் 4 போட்டீர்கள்?’ என்று கேளுங்கள். சொல்லும் காரணமும் போட்ட எண்ணும் முட்டிக்கொள்ளும் இடம் எங்கே என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். மூலத்துக்கு மறுபடி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது அவசியம்தான். ஆனால் அதில் இந்தக் கோளாறு அகப்படாது. மொழிபெயர்ப்பாளர் எதிர்மறைகளை நிதானமாக அவிழ்த்துவிடுவார், முதலாண்டு மாணவர் அவிழ்க்க மாட்டார்.

சரி, வெட்டுப்புள்ளி. நீங்கள் படித்த மூன்று எண்களும் சரியானவையே. ஒவ்வொன்றும் யாரை யாரிடமிருந்து பிரிக்க எடுத்தது என்பதில்தான் வேறுபாடு. 45, 62 இரண்டும் பெஹர், போர்கோவெக் முதலியோர் 2003-இல் வெளியிட்ட ஒரே கட்டுரையில் வருபவை. சிகிச்சை தேடி வந்த பொதுப் பதற்றக் கோளாறு (எதையெடுத்தாலும் ஓயாமல் கவலைப்படும் மனநலக் கோளாறு) நோயாளிகளையும் பதற்றமே இல்லாதவர்களையும் எதிரெதிரே நிறுத்தினால் 45 போதும். இரண்டு கும்பலும் வெகுதூரத்தில் நிற்கின்றன, நடுவில் எங்கே கோடு போட்டாலும் பிரியும். வடிகட்டாத கல்லூரி மாணவர் கூட்டத்திலிருந்து அந்தக் கோளாறு இருக்கக்கூடியவர்களைப் பொறுக்கியெடுக்க 62 தேவைப்பட்டது. ஏனென்றால் மாணவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே 45-ஐத் தாண்டித்தான் இருக்கிறது. 65 அதே ஆண்டு ஃப்ரெஸ்கோ குழுவினர் எடுத்தது. அங்கே இரண்டு பக்கமும் நோயாளிகள்: பொதுப் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் ஒரு புறம், சமூக அச்சம் உள்ளவர்கள் மறுபுறம். பொதுப் பதற்றக் கோளாறு உள்ளவர்களின் சராசரி பொதுவாக அறுபதுகளின் பிற்பகுதியில் இருக்கும்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது, மாணவர் கூட்டத்தை வைத்து 62 எடுத்த ஆய்வு. ஆகவே 45-ஐ மறந்துவிடுங்கள். அதை வைத்தால் வகுப்பில் பாதிக்குமேல் நோயாளி ஆகிவிடும். 62-ஐயும் அமெரிக்க ஆங்கில வடிவத்தின் எண்ணாகவே பாருங்கள். உங்கள் தமிழ் வடிவத்துக்கு வெட்டுப்புள்ளி வேண்டுமானால், கொஞ்சம் பேரையாவது பயிற்சி பெற்ற உளவியலாளர் நேர்காணல் செய்து, அதோடு மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும். அதுவரை நேர்மையான முறை வேறு. மையத்தில் எத்தனை பேரிடம் ஒரு மாதத்துக்குள் உட்கார்ந்து பேச முடியும் என்று முதலில் கணக்கிடுங்கள். 30 பேர் என்றால், மேலிருந்து 30 பேரைக் கூப்பிடுங்கள். கோடு உங்கள் கைவசம் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது என்பதை அறிக்கையிலும் எழுதிவிடுங்கள்.

எட்டு வாரத்துக்குப் பின் ஒப்பிடும் விஷயத்துக்கு வருவோம். மேயர், மில்லர், மெட்ஸ்கர், போர்கோவெக் நால்வரும் 1990-இல் இந்தப் பட்டியலை வெளியிட்டபோது அளக்க நினைத்தது ஒருவரின் சுபாவத்தை. இந்த வாரம் எவ்வளவு கவலை என்பது அவர்கள் கேள்வியல்ல. தாளில் கால எல்லையே கிடையாது, ‘பொதுவாக’ என்ற தொனியில்தான் கேட்கிறது. 12-ஆவது வாக்கியம், வாழ்நாள் முழுக்கக் கவலைப்படுகிறவனாகவே இருந்திருக்கிறேன் என்கிறது. எவ்வளவு நல்ல சிகிச்சை கொடுத்தாலும் ஒருவரின் கடந்த காலம் மாறப்போவதில்லையே. நியாயமாக அந்த வரியில் எட்டு வாரத்தில் எண் இறங்கக்கூடாது. (இறங்கினால், அவர் உங்களைத் திருப்திப்படுத்தப் பார்க்கிறார் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.) இதைக் கவனித்துத்தான் ஷ்டோபரும் பிட்டன்கோர்ட்டும் 1998-இல் ‘கடந்த ஒரு வாரம்’ என்று கேட்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் 15 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 90. வாராவாரம் பார்க்க வேண்டுமானால் இதுவே பொருத்தம். மூல வடிவத்தையே வைத்துக்கொள்வதானால் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் கொடுங்கள். இரண்டையும் கலந்து, முன்னால் 80-க்கும் பின்னால் 90-க்கும் போட்டு ஒப்பிடாதீர்கள்.

ஒருவரின் மதிப்பெண் 64-இலிருந்து 57-க்கு இறங்கினால் முன்னேற்றமா? ஜேகப்சனும் ட்ரூவாக்ஸும் 1991-இல் கொடுத்த கணக்கு இதற்கு உதவும். உங்கள் மாணவர்களின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 12, மறுசோதனை நம்பகத்தன்மை (மறுபடி கொடுத்தால் எவ்வளவு ஒத்து வரும் என்பது) 0.85 என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து 0.85-ஐக் கழித்தால் 0.15. அதன் வர்க்கமூலம் 0.387. பன்னிரண்டால் பெருக்கினால் 4.65, இது ஒருமுறை அளப்பதில் உள்ள பிழை. இரண்டு முறை அளப்பதால் அதை 1.414-ஆல் பெருக்குங்கள், 6.57. கடைசியாக 1.96-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 13. அதாவது 13 புள்ளிக்குக் குறைவான இறக்கம் வெறும் அளவீட்டு அசைவாகவே இருக்கலாம். 64-இலிருந்து 57 என்பதைக் கொண்டாட முடியாது. 64-இலிருந்து 50 என்றால் பேசலாம். உங்கள் சொந்தத் திட்டவிலக்கத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள், என் 12-ஐ எடுக்காதீர்கள்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பயிற்சிக்கு மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கினால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை அவர்களின் சராசரி இறங்கும். உச்சத்தில் இருந்தவர்களில் சிலர் அன்றைக்கு மட்டும் உச்சத்தில் இருந்தவர்கள். போதாததற்கு முதல் அளவீட்டைப் பருவத் தேர்வுக்கு முந்தின வாரமும் இரண்டாவதைத் தேர்வு முடிந்த பிறகும் வைத்தால், பயிற்சி நன்றாக வேலை செய்ததாகத்தான் தெரியும். பயிற்சிக்குக் காத்திருக்கும் ஒரு குழுவையும் அதே இரண்டு நாள்களில் அளந்தால் தவிர இதிலிருந்து தப்ப வழியில்லை.

ஜி.ஏ.டி-7 போதாதா என்றால், எதற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஸ்பிட்சர், குரோன்கே, வில்லியம்ஸ், லோவ ஆகியோர் 2006-இல் வெளியிட்டது அது. அமெரிக்காவில் 15 ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் 2,740 பேரிடம் கொடுத்து, அவர்களில் 965 பேரைத் தொலைபேசியில் நேர்காணல் செய்து சரிபார்த்தார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் என்று கேட்கும், 0 முதல் 3 வரை, மொத்தம் 21. 5, 10, 15 ஆகியவை லேசான, நடுத்தர, கடுமையான பதற்றத்துக்கான எல்லைகள். கட்டணம் இல்லை, அனுமதி வாங்க வேண்டியதில்லை, தமிழ் வடிவம் புழக்கத்தில் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் முடியும். நல்ல கருவி.

ஆனால் ஏழில் கவலையைப் பெயர் சொல்லிக் கேட்பவை இரண்டே: 2-ஆவது, கவலையை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடியாமல் போவது, 3-ஆவது, பலவற்றைப் பற்றியும் அளவுக்கு மீறிக் கவலைப்படுவது. மற்ற ஐந்தும் படபடப்பு, இளைப்பாற முடியாமை, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, எரிச்சல், ஏதோ கெட்டது நடக்கப்போகிறதென்ற பயம். 21-இல் கவலைக்கு உரியது 6 மட்டுமே. இரண்டு கவலைக் கேள்விக்கும் 0 போட்டுவிட்டு, மற்ற ஐந்துக்கும் 2 போட்டால் 10 வந்துவிடும். தைராய்டு அதிகம் சுரப்பவருக்கும், இரவெல்லாம் காபி குடித்துப் படிப்பவருக்கும் அந்த ஐந்தில் சில ஏறும். எதிர்த்திசையிலும் நடக்கும்: இருபது ஆண்டாகக் கவலைப்பட்டே பழகியவர், உடம்பில் பெரிய தவிப்பு இல்லாமல், ஜி.ஏ.டி-7-இல் 7 எடுத்து, பென் ஸ்டேட்டில் 66 எடுப்பார். உங்கள் பயிற்சி கவலைச் சங்கிலியை அறுப்பதற்கானது என்றால் பென் ஸ்டேட் வேண்டும். யாருக்கு உதவி தேவை என்று சலித்தெடுக்க மட்டும் என்றால் ஜி.ஏ.டி-7 போதும்.

சலித்தெடுக்கும்போதும் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். 10 என்ற எல்லையில் ஜி.ஏ.டி-7, கோளாறு உள்ளவர்களில் 89 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 82 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடுகிறது. ஆயிரம் மாணவர்களில் 50 பேருக்குக் கோளாறு இருப்பதாக வைத்துக்கொண்டால், சுமார் 45 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் 171 பேரும் கூடவே பிடிபடுவார்கள். 10-ஐத் தாண்டிய ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் கோளாறு. இதே கருவியை நூற்றுக்கு முப்பது பேருக்குக் கோளாறு உள்ள சிகிச்சையகத்தில் வைத்தால் மூன்றில் இருவருக்கு மேல் சரியாக இருக்கும். எண்ணும் தாளும் மாறவில்லை, வாசலில் நிற்கும் கூட்டம்தான் மாறியிருக்கிறது. அதனால் மதிப்பெண் பத்தைத் தாண்டிவிட்டது என்பதற்காக ஒரு மாணவரிடம் ‘உனக்குக் கோளாறு’ என்று சொல்லக்கூடாது. டி.எஸ்.எம். (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) வரையறைப்படி ஆறு மாதம், பெரும்பாலான நாள்களில், கட்டுப்படுத்தக் கடினமான கவலை, அதோடு ஆறு அறிகுறிகளில் குறைந்தது மூன்று, கடும் மனவேதனை அல்லது அன்றாட வாழ்க்கைக்கு இடைஞ்சல் எல்லாம் வேண்டும். இந்த இரண்டு தாளும் அந்த ஆறு மாதத்தைக் கேட்பதே இல்லை.

எதைப் பற்றிய கவலை என்பதையும் பென் ஸ்டேட் கேட்காது. அது தற்செயல் அல்ல. எவ்வளவு, எந்த அளவுக்குக் கட்டுக்கடங்காமல் என்பதை மட்டும் எடுக்க வேண்டும் என்று வேண்டுமென்றே பொருளை விட்டுவிட்டார்கள். விடுதிக் கட்டணமா, வேலையா, வீட்டுப் பிரச்சினையா என்று தெரிய வேண்டுமானால் டாலிஸ், ஐசங்க், மேத்யூஸ் 1992-இல் கொண்டுவந்த கவலைத் தளங்கள் வினாப்பட்டியலைப் பாருங்கள்: 25 கேள்விகள், உறவுகள், தன்னம்பிக்கைக் குறைவு, திசையற்ற எதிர்காலம், வேலைத் திறமை, பணம் என ஐந்து தளங்கள். வயதானவர்களுக்கு என்றால் ஹாப்கோ குழுவினர் 2003-இல் சுருக்கிய 8 கேள்வி பென் ஸ்டேட் இருக்கிறது. அதில் அந்தத் தொல்லைபிடித்த எதிர்ப்பக்க வாக்கியங்கள் ஒன்றுகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு 14 கேள்வியில் தனி வடிவம் உண்டு. உங்களுக்கு ஒன்று தோன்றலாம்: எதிர்ப்பக்க ஐந்தையும் தூக்கிவிட்டு 11-ஐ மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம், ஆல்ஃபா நன்றாகவே வரும். அப்போது மொத்தம் 11 முதல் 55 வரை. 62 என்ற எண்ணுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

எந்த வினாப்பட்டியலும் தராத ஒன்றைக் கவலை நாட்குறிப்பு தரும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்தே லஃப்ரெனியரும் நியூமனும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுப் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் பத்து நாள் தங்கள் கவலைகளை எழுதி, பிறகு அவை நடந்தனவா என்று மொத்தம் முப்பது நாள் பார்த்தார்கள். ஏறக்குறைய 91 விழுக்காடு நடக்கவேயில்லை. சிறிய ஆய்வுதான், 29 பேர். ஆனாலும் உங்கள் எட்டு வாரத்தில் இதைச் சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. நான்கு நிரல் போட்ட ஒரு தாள் போதும்: நேரம், கவலை என்ன, நடக்கும் என்று எவ்வளவு நம்புகிறேன், கடைசியில் என்ன ஆனது.

விடுபட்ட பதில்களுக்கு ஒரு வரி. பதினாறில் ஒன்றோ இரண்டோ காலி என்றால், திருப்பிப் போட்ட பிறகு மற்றவற்றின் சராசரியை அவருக்கு நிரப்பலாம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் அந்தத் தாளை விட்டுவிடுங்கள். திருப்புவதற்கு முன் சராசரி எடுத்தால் முதலில் பார்த்த அதே பிழை சின்ன அளவில் திரும்ப வரும்.

தாளை யார் கொடுக்கிறார்கள் என்பதும் மதிப்பெண்ணை மாற்றும். உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடும் ஆசிரியரே நின்று வாங்கினால் மாணவர்கள் தைரியசாலிகளாகிவிடுவார்கள். பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போட்டு, எண்ணும் பெயரும் உள்ள பட்டியலை மையத்தில் ஒருவர் மட்டும் பூட்டி வைத்திருக்கட்டும். பெயரே இல்லாமல் வாங்கிவிட்டால் 70 எடுத்தவரைக் கூப்பிட முடியாது, எட்டு வாரம் கழித்து இரண்டு தாளையும் இணைக்கவும் முடியாது.

பென் ஸ்டேட்டிலும் ஜி.ஏ.டி-7-இலும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. மதிப்பெண் குறைவு என்பதால் அந்த ஆபத்து இல்லை என்று ஆகாது. நேரில் பேசும்போது நேரடியாகவே கேட்க வேண்டும். தாளின் அடியில் மையத்தின் நேரத்தையும், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் அச்சிடுங்கள். விநியோகிக்கும் நாளுக்கு முன்பே, உயர்ந்த மதிப்பெண் எடுத்தவரை யார் கூப்பிடுவது, எத்தனை நாளுக்குள் என்று முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.